சூடு இறங்காத கியர் பாக்ஸ்

தேன்கொம்பை மலையை மழை விடாமல் பிடித்துக்கொண்ட மாதம் அது. துவைத்த துணி காயவில்லை, உரசிய தீக்குச்சி பற்றவில்லை, சாடியில் வைத்த உப்பு தண்ணீராகிக் கிடந்தது, ஊரே ஈரச் சாக்கு மாதிரி நாறிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் மெக்கானிக் லூர்து, தன் அண்ணன் மேல் ஏறி இறங்கிய பழைய ஹெரால்டு காரிலிருந்து கியர் பாக்ஸைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, கார்க் கதவு வழியாக வெளியே எடுத்துப் பலகைமேல் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் அது சுட ஆரம்பித்தது.

முதலில் இளஞ்சூடுதான். அப்புறம் கூரை ஓட்டையிலிருந்து விழுந்த மழைத்துளி அதன்மேல் பட்டுச் சுர்ரென்று ஆவியானது. லூர்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அண்ணன் செத்த நாளிலிருந்து தன் நெஞ்சுக்குள் கிடந்தது எங்கேயாவது ஒரு இடத்தில் போய் இறங்கித்தானே ஆகவேண்டும் என்று நினைத்தாள். பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துவிட்டு, கிளட்ச் பிளேட்டைக் கழற்றப் போனாள்.

அண்ணன் சவரியும் அவளும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. பங்களாவுக்குப் போகும் மேட்டுச் சந்தில், டீக்கடைக்கும் இஸ்திரிக் கடைக்கும் நடுவில் இருந்தது. போன வருஷம் இதே ஹெரால்டு கிளட்ச் வழுக்குகிறது என்று பங்களாவிலிருந்து வந்தது. பட்டறைக்குள் வேறு வண்டி நின்றதால் சந்தின் சரிவிலேயே அதை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, சவரி அடியில் போய்ப் படுத்தான். லூர்து உள்ளே போல்ட் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது பங்களா முதலாளி கஜேந்திரனின் மகன் நிதின் வந்தான். இன்னும் ஆகலையா என்று கேட்டான். பதில் வருவதற்குள் கல்லைக் காலால் எட்டி உதைத்தான், கதவைத் திறந்து உட்கார்ந்தான், பிரேக்கை இறக்கினான். ஆள் இருக்கு, ஆள் இருக்கு என்று சந்தே கத்தியது. லூர்து வெளியே ஓடி வந்தபோது அவன் வண்டியைவிட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தான். வண்டி சரிவில் கொஞ்ச தூரம் தள்ளி சுவரில் முட்டி நின்றது. சவரி சந்தின் நடுவில் கிடந்தான்.

போலீஸ் வந்து கேட்டபோது, கத்திய வாய்கள் எல்லாம், கல் நழுவிவிட்டது, வண்டிக்குள் யாரும் இல்லை என்று சொல்லின. ஏனென்றால் சந்தின் கடைகள் எல்லாம் பங்களாவின் நிலத்தில் நின்றன. லூர்து தான் பார்த்ததைச் சொன்னாள். அவள் பார்த்ததோ, கீழே இறங்கி நின்ற ஒருவனைத்தான். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அதே காரைத்தான் இப்போது சரிசெய்து தரச் சொல்லி பங்களா மேனேஜர் வேலாயுதம் குடையோடு வந்து நின்றார்.

"பெரியவர் ஆசையா ஓட்டின வண்டிம்மா. சின்னவர் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இதுலதான். வேலை பாதியில நிக்குது. வேற ஆளை வச்சுப் பாத்துக்கலாம்னு முதலாளி சொன்னாரு, நாந்தான் உனக்கே குடுக்கலாம்னு பேசி வச்சிருக்கேன்."

அவர் அதை ஒரு உபகாரம்போலச் சொன்னார். லூர்து அவர் முகத்தில் ஸ்பேனரை எறிந்திருப்பாள். ஆனால் சவரி தொட்ட போல்ட்டை வேறு எவனோ தொட்டுக் கழற்றுவதை நினைத்தபோது அது இன்னும் தாங்கமுடியாததாக இருந்தது.

"வண்டி இங்கேயே இருக்கட்டும். நானே பண்றேன்," என்றாள். பண்ண ஆரம்பித்த அன்றுதான் கியர் பாக்ஸ் சுட்டது.

சந்து அதைக் கண்டு பயப்படவில்லை. இரண்டு நாளைக்கு எட்ட நின்று பார்த்தது. மூன்றாவது நாள் டீக்கடை மொய்து பாய், ஈர விறகோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், பால் சட்டியைக் கொண்டுவந்து கியர் பாக்ஸ்மேல் வைத்தார். பால் பொங்கியது. அவ்வளவுதான். அதற்கப்புறம் இஸ்திரிக்கார ராசமணி தன் கரிப்பெட்டியில் கரி போடுவதை விட்டுவிட்டு, பெட்டியை அதன்மேல் வைத்துச் சூடேற்றி லாட்ஜ் போர்வைகளைத் தேய்த்தாள். பேட்டரிக் கடை பெள்ளி ஈரமான சாக்ஸையும் மப்ளரையும் அதைச் சுற்றிக் கயிறு கட்டிக் காயப்போட்டார். பிள்ளை பெற்ற பெண்கள் துணிகளைக் கொண்டுவந்தார்கள். இருமல் பிடித்த கிழவர்கள் ஆளுக்கொரு ஸ்டூலோடு வந்து கையை நீட்டி உட்கார்ந்தார்கள். மாரியம்மன் கோயில்காரர்கள் மஞ்சள் பூசிவிட்டுப் போனார்கள், மாதா கோயில் சபையார் மெழுகுவர்த்தி வைத்தார்கள், அது உடனே உருகி ஓடியது. மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து திருட்டு கனெக்‌ஷன் ஏதும் உண்டா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒயர் எதுவும் இல்லை என்றதும் தன் நனைந்த தொப்பியை அதன்மேல் வைத்துவிட்டு ஒரு டீ குடித்தார். எதனால் சுடுகிறது என்று கேட்டவர்களுக்கு, லூர்துவோட கோபம், வேறென்ன என்று மழை பெய்வதைச் சொல்வதுபோல் சந்து பதில் சொன்னது.

லூர்து முதலில் அதைப் பொறுத்துக்கொண்டாள். குளிரில் நடுங்குகிறவர்களை எப்படி விரட்டுவது? காரின் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ளைவீலைத் துடைத்தாள், புதுக் கிளட்ச் பிளேட்டை வைத்தாள், அதன்மேல் பிரஷர் பிளேட்டை வைத்து போல்ட்டுகளைக் கையளவில் முடுக்கினாள். பிளேட் நடுவில் நிற்கவேண்டும். மயிரிழை விலகினாலும் கியர் பாக்ஸின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் உள்ளே நுழையாது. அதற்காகச் சவரி பழைய ஷாஃப்ட் ஒன்றை வைத்திருந்தான். அதை உள்ளே விட்டு, பிளேட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி இறுக்கினாள். பழைய ஷாஃப்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போய் வந்தது. பிளேட் சென்டரில் இருந்தது.

தடித்த தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, கியர் பாக்ஸைத் தூக்கிப் பொருத்திப் பார்த்தாள். நுழையவில்லை. சூட்டில் இரும்பு ஊதியிருந்தது. கழற்றும்வரை அதே அளவுத் துளைக்குள் இருந்த ஷாஃப்ட், இன்று வாசலில் நின்று உள்ளே வர மறுத்தது. அவள் கோபப்பட்டுத் தள்ளினாள். கோபப்பட்டதும் அது இன்னும் சூடாகி இன்னும் ஊதியது. திரும்பக் கொண்டுவந்து பலகையில் வைத்தாள். வைத்ததும் யாரோ ஒரு சோற்றுப்பானையை அதன்மேல் ஏற்றினார்கள்.

ஒரு மத்தியானம் அவள் காருக்கு அடியில் படுத்திருந்தபோது, பட்டறை முன்னால் ராசமணியும் மொய்து பாயும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"என்ன பாய், பெட்டி சூடே ஏற மாட்டேங்குது? லாட்ஜுக்காரன் போர்வை கேட்டு நிக்கிறான்."

"இரு, இரு," என்றார் மொய்து பாய். பிறகு குரலை உயர்த்தி, பட்டறைக்குள் கேட்கும்படி சொன்னார்: "பங்களாப் பையன் காலையில புது சட்டை போட்டுக்கிட்டு போனான். பாத்தியா? கல்யாணக் களை வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே போறான்."

லூர்து முடுக்கிக்கொண்டிருந்த போல்ட்டை வெறியோடு இன்னொரு சுற்று முடுக்கினாள். வெளியே இஸ்திரிப்பெட்டி டிக், டிக்கென்று சூடேறும் சத்தம் கேட்டது. ராசமணி, "போதும் பாய், போதும், போர்வை கருகிரும்," என்று மெல்லச் சிரித்தாள்.

லூர்து அசையாமல் படுத்திருந்தாள். யோசித்தபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காலையில் பால் வைக்கும் நேரத்தில்தான் யாராவது பங்களாப் பேச்சை எடுப்பார்கள். மத்தியானம் சோறு வேக வேண்டிய நேரத்தில்தான் யாராவது, சவரி இருந்திருந்தா இந்த வயசுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் என்று பெருமூச்சு விடுவார்கள். துக்கம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்கள் அடுப்பு ஊதியிருக்கிறார்கள். அவள் அண்ணனின் பெயரை ஊதுகுழலாக வைத்து ஊதியிருக்கிறார்கள். பொய் சொன்ன அதே வாயால் ஊதியிருக்கிறார்கள்.

அடியிலிருந்து வெளியே வந்தாள். பலகைமேல் இருந்த இஸ்திரிப்பெட்டியைக் கையுறையோடு எடுத்துத் தெருவில் எறிந்தாள். மழைத் தண்ணீரில் அது அலறிக்கொண்டு புகைந்தது. சோற்றுப்பானையை எறிந்தாள். சாக்ஸ் கயிற்றை அறுத்தாள். கிழவர்கள் ஸ்டூலோடு எழுந்து ஓடினார்கள்.

"அடுப்பாடா நான்?" என்று கத்தினாள். "எங்கண்ணன் செத்தது உங்களுக்கு விறகாடா? அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல, இன்னிக்கு வெந்நி வைக்க மட்டும் வாய் வருதா? போங்க! உங்க வீட்டுல யாராச்சும் சாகட்டும், அதுல குளிர் காயுங்க!"

ஷட்டரை இழுத்து மூடினாள். ஷட்டர் தகடு உள்ளிருந்து சூடாகி, வெளிப்பக்கம் பெய்த மழை படபடவென்று ஆவியாகிப் போனது. சந்து அந்த ஆவியில் குளிர் காயத் துணியாமல் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்றது. குளிர் திரும்பி வந்தது. போர்வைகள் நாறின. பால் பொங்க வெகு நேரமானது. அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரொம்பத்தான் பண்ணுகிறாள் என்று தோன்றியது.

அப்புறம்தான் வேலாயுதம் மறுபடி வந்தார். மூடிய ஷட்டரைப் பார்த்தார். தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். சந்தின் பக்கம் திரும்பி, டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களிடம் அமைதியாகப் பேசினார்.

"கல்யாணம் நெருங்கிருச்சு. கியர் பாக்ஸ் ஆறினாத்தான் மாட்ட முடியுமாமே? அவ கோபத்தை நீங்கதான் ஆத்தணும். இல்லேன்னா முதலாளி இந்த இடத்துல பார்க்கிங் கட்டற யோசனையில இருக்காரு. நான் சொல்லல, அவரு சொல்றாரு."

அவர் போனபிறகு சந்து கூடிப் பேசியது. பழம் வாங்கினார்கள், பூ வாங்கினார்கள். ஷட்டரைத் தட்டினார்கள். லூர்து திறந்தாள். சவரியின் காக்கிச் சட்டையை மேலே போட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"தங்கச்சி," என்று மொய்து பாய் ஆரம்பித்தார். "நடந்தது நடந்துபோச்சு. கோபம் உடம்புக்குக் கெடுதி. வேளாங்கண்ணிக்கு ஒரு எட்டு போயிட்டு வாயேன். செலவை நாங்க பாத்துக்கறோம். மனசு ஆறும்."

"யாருக்கு ஆறணும்? எனக்கா, பங்களாவுக்கா?"

மொய்து பாய் பழத்தைக் கீழே வைத்தார்.

"அது ஆறணும்னா ஒண்ணுதான் வழி," என்றாள் லூர்து. "அண்ணன் அடியில படுத்திருந்தப்ப வண்டிக்குள்ள யார் உக்காந்திருந்தா? எனக்குத் தெரியும். உங்க வாயால கேக்கணும். சொல்றவங்க உள்ள வாங்க. மத்தவங்க பழத்தைத் தூக்கிட்டுப் போங்க."

பாதிப்பேர் பழத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பூக்கடைக்காரர் போனார், கிழவர்கள் போனார்கள். ராசமணியும் போகத்தான் திரும்பினாள். இரண்டடி வைத்தவள் நின்றாள். திரும்பியபோது அவள் முகம் வேறாக இருந்தது. யார்மேல் என்று தெரியாத ஒரு கடுப்பு அதில் இருந்தது.

"நிதின்," என்றாள். சத்தமாக, சந்தின் மேட்டிலிருந்து கீழ்வரை கேட்கும்படி. "அந்த நிதின்தான் உக்காந்திருந்தான். ஆள் இருக்குன்னு நான் கத்தினேன். என்னைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் பிரேக்கை இறக்கினான். பாத்துட்டு இறக்கினான் லூர்து! லாட்ஜுக்குத் தேய்ச்சு வச்ச வெள்ளைப் போர்வையைத்தான் சவரிமேல போத்தினேன். அதுக்கப்புறம் அதே கையால போலீஸ்கிட்ட கல்லைக் காட்டினேன்."

சொல்லி முடித்ததும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். அது சிவந்து, அடுப்பருகே வைத்ததுபோல் கனன்றது. பலகைமேல் கியர் பாக்ஸ் லேசாக முனகிற்று. சுருங்கும் இரும்பின் சத்தம். லூர்து ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். அடுப்புக்கல்லாகக் கொதித்த இரும்பு, டீ டம்ளரின் சூட்டுக்கு இறங்கியிருந்தது.

மொய்து பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் அவனுக்கு டீ குடுத்தேன்," என்றார். "சவரி அங்க கிடக்கறான். இவன் நடுங்கறான்னு இவனுக்கு டீ ஆத்திக் குடுத்தேன். சக்கரை கூடப் போட்டு." அவர் கை சுட்டது. தொப்பியின் நூல் பொசுங்கும் வாசனை வந்தது. அவர் அழுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அழவில்லை. பெஞ்சை எட்டி உதைத்தார்.

பெள்ளி கடைசியில் வந்தார். "அவன் உதைச்ச கல்லு சாக்கடையில கிடந்துச்சு. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி அதை எடுத்துக் கழுவி, சக்கரம் முன்னாடி நின்ன இடத்துல, தானா நழுவின மாதிரி வச்சது நான். மேனேஜர் கண்ணைக் காட்டினாரு, வச்சேன். அந்தக் கல்லை விட நான் கேடுகெட்டவன்." அவர் கையை ஓங்கிச் சுவரில் அறைந்தார். சுவரில் ஈரம் காய்ந்து கை அளவுக்கு வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது.

கியர் பாக்ஸ் இப்போது வெறும் இரும்பாக இருந்தது. மழை அதன்மேல் சொட்டியது, சொட்டிய துளி அப்படியே நின்றது.

லூர்து அவர்களுக்கு நன்றி சொல்லவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. "பிடிங்க," என்று மட்டும் சொன்னாள். பெள்ளி ஒருபக்கமும் ராசமணி ஒருபக்கமும் கியர் பாக்ஸைத் தூக்கிக் கார்க் கதவு வழியாக உள்ளே நீட்டினார்கள். மொய்து பாய் பின்னாலிருந்து தாங்கினார். சீட்டு கழற்றிய வெறும் தரையில் லூர்து மண்டிபோட்டு, ஷாஃப்ட்டின் மூக்கைத் துளைக்கு நேராகக் காட்டினாள். "கொஞ்சம் மேல. இன்னும். அப்படியே இருங்க." பின்பக்கத்தை மெல்ல ஆட்டினாள், ஷாஃப்ட்டின் பல் பிளேட்டின் பல்லைத் தேடியது, ஒரு கணம் முரண்டியது. பிறகு முழுசாக, சத்தமே இல்லாமல், உள்ளே போய் அமர்ந்தது.

அவள் அங்கேயே தலையைக் கியர் பாக்ஸ்மேல் சாய்த்துக்கொண்டாள். கோபம் போய்விட்டதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். போகவில்லை. தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த சுமையை மூன்று பேர் ஒருபக்கம் பிடித்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். எழுந்து போல்ட்டுகளை முடுக்கினாள்.

வண்டியை வாங்கிக்கொள்ள வேலாயுதம் வந்தபோது வானம் வெளுத்திருந்தது. சீட்டுகள் மாட்டி, துடைத்து, ஹெரால்டு சரிவில் பளபளத்து நின்றது. அவருக்குக் கண் நிறைந்துபோனது.

"பரவாயில்லையே! கோபம் ஆறிடுச்சா?"

"கிளட்ச் பிடிக்குதான்னு ஓட்டிப் பாத்துட்டுத் தர்றேன்," என்றாள் லூர்து. ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் ராசமணி ஏறினாள். பின்னால் மொய்து பாயும் பெள்ளியும் முட்டியை மடக்கிக்கொண்டு ஏறினார்கள்.

"ஓட்டிப் பாக்க இத்தனை பேர் எதுக்கு?"

"மலை ரோடு. லோடு வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

கிளட்ச்சை மிதித்து, முதல் கியரைப் போட்டு, மெல்ல விட்டாள். உதறல் இல்லாமல், உறுமல் இல்லாமல் வண்டி கிளம்பியது. சந்தின் முனையில் பங்களாவுக்குப் போகும் வளைவில் அவள் திரும்பவில்லை. கீழே, மாவட்டத் தலைநகருக்குப் போகும் சாலையில் இறங்கினாள். வேலாயுதம் குடையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. அவள் இரண்டாவது கியருக்கு மாற்றினாள். போலீஸ் சூப்பிரண்டு அலுவலக வாசலில்தான் வண்டி நின்றது.

நிதினின் மாப்பிள்ளை அழைப்பு வேறொரு காரில் நடந்தது. சந்தின் கடைகளை இடித்தார்கள். டீக்கடையும் இஸ்திரிக் கடையும் பட்டறையும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழே போயின. பழத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் கடைகளையும் சேர்த்தே இடித்தார்கள். வழக்கைத் திரும்ப எடுக்க வைப்பதற்கு லூர்து பல அலுவலகங்களின் படியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த இடங்களில் எழுந்து போன பிறகும் வெகு நேரம் கல் சுட்டது என்று பியூன்கள் சொன்னார்கள். கடைசியில் வழக்கு கோர்ட்டுக்கு வந்தது.

ராசமணிதான் முதல் சாட்சி. பங்களாவின் வக்கீல் எழுந்து, போலீசிடம் முதலில் அவள் சொன்னதைப் படித்துக் காட்டினார்.

"அப்ப ஒண்ணு சொல்றீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. அன்னிக்கு ஏன் சொல்லல?"

"அன்னிக்குப் பயந்துட்டேங்க."

"இன்னிக்குப் பயம் இல்லையா?"

"இருக்குங்க. அதைவிட இது ஜாஸ்தியா இருக்கு."

"எது?"

ராசமணி கூண்டின் கட்டையைப் பிடித்தாள். அவள் விரல்களுக்குக் கீழே வார்னிஷ் குமிழ்விட்டது. புகை மெல்லிசாகக் கிளம்பி ஜன்னல் பக்கம் போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த லூர்து அசையாமல் பார்த்தாள். குற்றவாளிக் கூண்டில் நின்ற நிதின், அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக, தலையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தான். டைப்பிஸ்ட் பெண் தட்டுவதை நிறுத்தினாள்.

"ஐயா, சாட்சி கோபமா இருக்காங்கன்னு போடவா?"

நீதிபதி புகைகிற அந்தக் கட்டையைப் பார்த்தார்.

"போடும்மா," என்றார்.